கோபி மஞ்சூரியன் நமுத்துப் போகிறதா, மாவு கழன்று வருகிறதா? எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

வீட்டில் செய்யும் கோபி மஞ்சூரியனில் என்ன கோளாறு வந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். காலிஃபிளவரின் எடையில் ஏறக்குறைய 92 சதவீதம் தண்ணீர். அதைப் போய் வெந்நீரில் முக்கி எடுக்கிறோம், தண்ணீர் விட்டுக் கரைத்த மாவில் புரட்டுகிறோம், கடைசியில் சாஸிலும் போட்டுக் கிளறுகிறோம், இத்தனைக்கும் அப்புறம் மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்கிறோம். எந்தக் கட்டத்தில் வேண்டாத ஈரம் உள்ளே புகுந்தது, எந்தக் கட்டத்தில் வெளியேறாமல் தங்கியது என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும். மீதியெல்லாம் எண்ணெயின் சூடும் சாஸ் பாட்டில்களும் செய்கிற வேலை.

கீழே உள்ளவை ட்ரை மஞ்சூரியனுக்கு. நான் சொல்லும் திருத்தங்கள் எந்த அளவை வைத்து என்று தெரிய வேண்டுமே, அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நடுத்தரக் காலிஃபிளவர் ஒன்று, பூக்களாகப் பிரித்தால் 400 கிராம் போல வரும். மாவுக்கு மைதா அரை கப், கார்ன்ஃப்ளார் அரை கப், அரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். சாஸுக்கு எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், பொடியாக நறுக்கிய பூண்டு எட்டுப் பத்துப் பல், இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் 2, வெங்காயம் 1, குடைமிளகாய் பாதி, சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சில்லி சாஸ் 1 டேபிள்ஸ்பூன், தக்காளி சாஸ் 2 டேபிள்ஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், கொஞ்சம் வெங்காயத்தாள். கார்ன்ஃப்ளார் என்று நான் சொல்வது வழவழவென்று வெள்ளையாக இருக்கும் ஸ்டார்ச். மஞ்சளாக, லேசாக நறநறவென்று இருக்கும் மக்காச்சோள மாவை வாங்கி வந்திருந்தால் அது ரொட்டிக்கு ஆகும், இதற்கு ஆகாது.

மாவு எண்ணெயில் கழன்று தனியாக மிதக்கிறது

பூ ஈரமாக இருந்திருக்கிறது, பெரும்பாலும் இதுதான் காரணம். வெந்நீரிலிருந்து எடுத்து வடிதட்டில் இரண்டு உதறு உதறினால் தண்ணீர் போய்விட்டது என்று நினைக்கிறோம். காலிஃபிளவர் பூவின் அமைப்பு அப்படி இல்லை, மொட்டுகளின் இடுக்கில் தண்ணீர் ஒளிந்திருக்கும். மாவு பூசி எண்ணெயில் போட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும், மாவைத் தள்ளிக்கொண்டுதான் வரும். எண்ணெய் படபடவென்று தெறிப்பதும் இதனால்தான்.

பூக்களைக் காம்பு மேலே இருக்கும்படி தலைகீழாக ஒரு பருத்தித் துணியில் அடுக்கி, மின்விசிறிக்கு அடியில் 20 நிமிடம் விடுங்கள். தலைகீழ் என்பது முக்கியம், நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். காய்ந்த பூக்களின் மேல் 1 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரை உலர்வாகத் தூவி ஒரு குலுக்கு குலுக்கி, அதற்கு அப்புறம்தான் கரைத்த மாவில் போட வேண்டும். உலர்ந்த மாவு மிச்சமிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மேல் மாவு பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பும் கிடைக்கும்.

ஈரமெல்லாம் சரிதான், ஆனாலும் கழல்கிறது என்றால் மாவின் பதத்தைப் பாருங்கள். பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, பூவைத் தூக்கினால் மெதுவாக வழிந்து ஒரு படலம் நின்றுவிட வேண்டும். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் அரை கப்பில் ஆரம்பித்துக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று கைக்கே தெரியும். வெறும் கார்ன்ஃப்ளாரில் செய்திருந்தாலும் கழலும், ஏனென்றால் அதில் ஒட்டும் தன்மை தரும் குளூட்டன் கிடையாது, மைதாவில்தான் இருக்கிறது. இன்னொன்று, எண்ணெயில் போட்டவுடனே கரண்டியை விட்டுக் கிளறாதீர்கள். ஒரு நிமிடம் கை வைக்காமல் இருந்தால் மாவு இறுகிக்கொள்ளும்.

பொரித்ததும் நன்றாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் நமுத்துவிடுகிறது

ஒரே தடவை பொரித்தால் இப்படித்தான் ஆகும். அடுப்பிலிருந்து எடுக்கும்போது மேல் மாவு உலர்ந்திருக்கும், உள்ளே பூவில் தண்ணீர் அப்படியே இருக்கும். ஆற ஆற அந்த ஈரம் வெளிப்பக்கமாக நகர்ந்து மேல் ஓட்டை நனைத்துவிடும். இதற்கு மந்திரமெல்லாம் இல்லை, இரண்டு தடவை பொரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை மிதமான சூட்டில், 160 டிகிரி செல்சியஸ் போல, மூன்று நான்கு நிமிடம். நிறம் வர வேண்டாம், வெளிறிய மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தட்டில் பரப்பி பத்து நிமிடம் ஆறவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் மேல் ஓட்டுக்கு வந்து சேரும், பார்ப்பதற்கு நமுத்துப் போன மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், அதுதான் நமக்கு வேண்டும். அடுத்து எண்ணெயை 180, 190 டிகிரிக்குச் சூடாக்கி ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் மறுபடியும் பொரித்தால், மேலே வந்து நின்ற அந்த ஈரம் மொத்தமும் பறந்துவிடும். ஹோட்டல்களில் மதியமே முதல் பொரியலை முடித்து ஒரு தட்டு நிறைய வைத்திருப்பார்கள், நாம் ஆர்டர் கொடுத்ததும் இரண்டாவது பொரியல் நடக்கும். வேகமாகத் தருவதற்காகச் செய்வதுதான், ஆனால் மொறுமொறுப்பும் அதில்தான் இருக்கிறது.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விடுங்கள். அடியில் போய்க் கொஞ்சம் தயங்கி மேலே வந்தால் முதல் பொரியலுக்குச் சரி. விழுந்த வேகத்தில் சுற்றிலும் நுரைத்து மேலே வந்தால் இரண்டாவதுக்குச் சரி. விழுந்ததும் கருகினால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

பொரித்ததை எங்கே வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். கிண்ணத்தில் டிஷ்யூ பேப்பர் போட்டு அதன்மேல் மலைபோலக் குவித்தால் அடியில் இருப்பவை தம் ஆவியிலேயே வேகும். கம்பித்தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஹாட்பாக்ஸில் போட்டு மூடி வைக்கும் பழக்கம் சப்பாத்திக்கு நல்லது, இதற்கு விஷம்.

சாஸில் போட்டதும் சொதசொதவென்று ஆகிவிடுகிறது

இரண்டு தடவை பொரித்தும் இந்த நிலை என்றால் குற்றம் சாஸ் பக்கம். ட்ரை மஞ்சூரியனுக்கான சாஸ் வாணலியில் ஓடக் கூடாது. கரண்டியால் வழித்தால் அடி தெரிய வேண்டும், வழித்த தடம் ஓரிரண்டு நொடி மூடாமல் நிற்க வேண்டும். 400 கிராம் பூவுக்கு 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரை 4 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். பல வீடுகளில் அரை கப், ஒரு கப் என்று தண்ணீரை விட்டுவிட்டு, அது வற்றுவதற்குள் பொறுமை போய்க் கோபியைக் கொட்டிவிடுகிறார்கள்.

வெங்காயமும் குடைமிளகாயும்கூடத் தண்ணீர் விடும். சின்ன அடுப்பில் மெதுவாக வதக்கினால் அவை வியர்த்து வாணலியிலேயே குளம் கட்டிவிடும். அடுப்பு முழு வேகத்தில் இருக்க வேண்டும், காய் ஒரு நிமிடத்துக்கு மேல் வதங்கக் கூடாது, கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டும். உப்பை இந்த இடத்தில் போடாதீர்கள், போட்டால் இன்னும் தண்ணீர் விடும்.

வரிசையும் முக்கியம். முதலில் சாஸ் முழுதாகத் தயாராகி, கெட்டியாகி, பளபளவென்று நிற்க வேண்டும். அதற்கு அப்புறம் இரண்டாவது பொரியல். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு நேராக சாஸில் போட்டு, அடுப்பு எரியும்போதே நாலு புரட்டுப் புரட்டி, அரை நிமிடத்துக்குள் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பொரித்து வைத்துவிட்டு நிதானமாக சாஸ் செய்கிற ஆட்கள்தான் பெரும்பாலும் இந்தப் புகாரோடு வருகிறார்கள். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் புரட்ட வேண்டும், அவர்கள் வண்டி நிறுத்தும் சத்தம் கேட்டதும் புரட்டினால்கூடக் கொஞ்சம் சீக்கிரம்தான்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாஸ் பட்ட கோபி பதினைந்து, இருபது நிமிடத்தில் இளகத்தான் செய்யும், அதை முழுக்கத் தடுக்க முடியாது. டப்பாவில் கட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் சாஸ் தனி, கோபி தனி.

வெளியே சிவந்துவிட்டது, உள்ளே பச்சையாக நறநறக்கிறது

பூக்கள் பெரிதாக இருந்திருக்கும், அல்லது எண்ணெய் தொடக்கத்திலேயே அதிகச் சூட்டில் இருந்திருக்கும். ஒரே வாயில் போடுகிற அளவுக்கு, சுமார் 3 செ.மீ., ஒரே சீராகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்டு தடிமனாக இருந்தால் நீளவாக்கில் கீறிவிடுங்கள், பூ வெந்தும் தண்டு வேகாமல் நிற்பது இங்கேதான்.

இதற்கு நேர்மாறாக உள்ளே கூழாகிவிட்டது, கடித்தால் ஒரு மாதிரி கந்தக வாடை வருகிறது என்றால் வெந்நீரில் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம். காலிஃபிளவரை நீண்ட நேரம் வேகவைத்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் உடைந்து அந்த வாடையைக் கிளப்பும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டியதே இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் போட்டு, பூக்களை முக்கி மூன்று நிமிடம் மூடிவைத்து வடித்துவிடுங்கள். ஃப்ரோசன் காலிஃபிளவர் வாங்கியிருந்தால் இந்த வேலையே தேவையில்லை, அது ஏற்கெனவே வெந்நீர் பார்த்து வந்ததுதான். ஆனால் உறைந்து உருகும்போது அதன் செல்கள் உடைந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும் என்பதால், என்ன செய்தாலும் புதுப் பூவின் கடி வராது. குருமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் குடித்துவிடுகிறது

எண்ணெய் போதுமான சூட்டில் இல்லை. நல்ல சூட்டில் பூவிலிருந்து ஆவி வேகமாக வெளியேறிக்கொண்டே இருக்கும், அது எண்ணெயை உள்ளே வரவிடாது. வாணலி நிறைய ஒரே ஈடாகப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், ஆவியின் வேகம் குறையும், அப்புறம் என்ன, எண்ணெய் உள்ளே நுழையும். ஒரு ஈடுக்கு எண்ணெயின் மேற்பரப்பில் பாதிதான் நிரம்ப வேண்டும். மொத்தமாகப் போடுவதால் நேரம் மிச்சமாகும் என்பதும் பொய், வெந்து முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

மொறுமொறுப்புக்காக ஆப்ப சோடா சேர்த்திருந்தாலும் எண்ணெய் குடிக்கும். சோடா மாவில் குமிழி குமிழியாக ஓட்டை போடும், அந்த ஓட்டைகளில் எண்ணெய் போய் உட்காரும். நாக்கில் ஒரு சோப்பு வாடையும் வந்தால் சோடாவேதான். மஞ்சூரியனுக்கு சோடா தேவையே இல்லை என்பது என் கட்சி, அந்த வேலையை அரிசி மாவு செய்யும்.

கடிக்க முடியாமல் கெட்டியாக இருக்கிறது, அல்லது பன் மாதிரி மெத்தென்று இருக்கிறது

கடக்கென்று பல்லை உடைக்கிற மாதிரி இருந்தால் அரிசி மாவு கூடிவிட்டது, 2 டேபிள்ஸ்பூனைத் தாண்டாதீர்கள். மெத்தென்று இழுத்தால் மைதா கூடிவிட்டது, அல்லது மாவை அதிக நேரம் போட்டு அடித்துக் கலக்கியிருக்கிறீர்கள். கலக்கக் கலக்கக் குளூட்டன் வலுவாகி ஜவ்வுத்தன்மை வந்துவிடும். கட்டி ஒன்றிரண்டு இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ஐஸ் தண்ணீரில் கரைத்தால் இந்த வலு ஏறுவது தாமதமாகும், முடிந்தால் செய்யுங்கள்.

சாஸ் கட்டி கட்டியாக, அல்லது கஞ்சியாக

கார்ன்ஃப்ளாரைக் கரைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பீர்கள், மாவு அடியில் போய்ப் பாறையாக உட்கார்ந்திருக்கும், மேலே இருக்கும் தண்ணீரை மட்டும் முதலில் ஊற்றி, இறுகவில்லையே என்று மிச்சத்தை வழித்துப் போட்டிருப்பீர்கள். ஊற்றும் நொடியில் விரலால் அடிவரை கலக்கிவிட்டு, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். கரைப்பது குளிர்ந்த தண்ணீரில்தான், வெந்நீரில் கரைத்தால் கிண்ணத்திலேயே கட்டி பிடித்துவிடும்.

கார்ன்ஃப்ளார் 62 டிகிரியைத் தாண்டினால்தான் வீங்கவே ஆரம்பிக்கும், நன்றாக ஒரு கொதி வந்தால்தான் வெள்ளை மறைந்து பளபளப்பாகும். அதனால் ஊற்றியதும் இறுகவில்லை என்று அவசரப்பட்டு இன்னொரு கரண்டி சேர்க்காதீர்கள், அரை நிமிடம் பொறுங்கள். ஆறும்போது மேலும் கெட்டியாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கெட்டியாக இருந்த சாஸ் நேரம் போகப்போக நீர்த்துக்கொண்டே போகிறது என்றால் வினிகரோடு சேர்த்து நெடுநேரம் கொதித்திருக்கிறது, புளிப்பு ஸ்டார்ச்சை உடைத்துவிடும். வினிகரை அடுப்பை அணைக்கும்போது விட்டால் இந்தத் தொல்லை இல்லை, வாசனையும் நிற்கும்.

உப்புக் கரிக்கிறது

1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் ஏறக்குறைய இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது, அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. சில்லி சாஸிலும் தக்காளி சாஸிலும் உப்பு உண்டு, மாவிலும் போட்டாயிற்று, வெந்நீரிலும் போட்டாயிற்று. இதற்கு மேல் சாஸில் தனியாக உப்புப் போட்டால் கரிக்காமல் என்ன செய்யும்? சாஸில் உப்பே போடாமல் முடித்து, ருசி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள்.

ஏற்கெனவே கரித்துவிட்டதென்றால், சாஸில் கோபியைப் போடுவதற்கு முன்னால் தெரிந்தால் பாதி சாஸை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் தக்காளி சாஸ், அரை டீஸ்பூன் சர்க்கரை, வதக்கிய வெங்காயம் சேர்த்து ஓட்டிவிடலாம். கோபியைப் போட்ட பிறகு தெரிந்தால் உப்பில்லாமல் வடித்த சாதத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

கசக்கிறது

பூண்டு கருகியிருக்கிறது, பெரும்பாலும் இதுதான் காரணம். ஹோட்டலில் தீ மேலே எழும்ப வதக்குகிறார்களே என்று நாமும் எண்ணெய் புகைய விட்டுப் பூண்டைப் போட்டால், பொடியாக நறுக்கிய பூண்டு சில நொடிகளில் கருகிவிடும். அவர்கள் கை அடுத்த பொருளை உடனே போட்டுவிடுகிறது, நாம் அந்த நேரத்தில் குடைமிளகாயைத் தேடிக்கொண்டிருப்போம். நறுக்க வேண்டியதையெல்லாம் நறுக்கி, பாட்டில் மூடிகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்ற வைக்க வேண்டும். பூண்டை மிதமான சூட்டில் போட்டு, ஓரம் லேசாக வெளுப்பு மாறியதும் வெங்காயத்தைப் போட்டுவிட்டு, அதன் பிறகு தீயைக் கூட்டுங்கள். கருகிவிட்டால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், சர்க்கரை போட்டு மறைக்கலாம் என்பதெல்லாம் நடக்காது. சோயா சாஸைக் காய்ந்த வாணலியில் நேராக ஊற்றி அது அடிப்பிடித்தாலும் கசப்பு வரும்.

கடையில் வருகிற சிவப்பு வரவில்லை

வராது, வரவும் வேண்டாம். கடைச் சிவப்பில் பெரும்பகுதி கலர் பொடி. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதற்குத் தடை போட்டது இதனால்தான். பரிசோதனைக்கு எடுத்த கோபி மஞ்சூரியன், பஞ்சு மிட்டாய் மாதிரிகளில் துணிக்குச் சாயம் போடுகிற ரோடமைன் பி உள்ளிட்ட நிறமிகள் அகப்பட்டன. அதற்கு முந்தின மாதம் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததும் அதே ரோடமைன் பி விவகாரம்தான்.

வீட்டில் நல்ல நிறம் வேண்டுமென்றால் நாலைந்து காஷ்மீரி மிளகாய் அல்லது பேடகி மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் மாவிலும் ஒரு டேபிள்ஸ்பூன் சாஸிலும் சேருங்கள். மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் சாஸுக்கான விழுதை எண்ணெயில் ஒரு நிமிடம் வதக்கிவிட்டு மற்றதைச் சேர்த்தால்தான் நிறம் இறங்கும். இவ்வளவு செய்தும் கருப்பாகத்தான் இருக்கிறது என்றால் டார்க் சோயா சாஸ் கூடிவிட்டது, பாட்டிலைப் பாருங்கள். டார்க் என்று எழுதியிருந்தால் நான் சொன்ன அளவில் பாதி போதும், மீதிக்கு லைட் சோயா சாஸ்.

எல்லாம் சரி, ஆனால் பக்கோடா குழம்பு மாதிரி ருசிக்கிறது

கரம் மசாலா, மல்லித்தூள், கறிவேப்பிலை இதில் ஏதாவது ஒன்றைப் போட்டிருப்பீர்கள். மஞ்சூரியன் என்ற பெயரோடு சொல்லப்படும் கதையே இதுதான். கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளி சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்தபோது, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் ஊர் வழியில் ஆரம்பித்து, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றி, கார்ன்ஃப்ளாரால் கெட்டியாக்கினார். அவர் செய்தது கோழியில், கோபி பின்னால் வந்தது. ஆக மசாலாத்தூள் இல்லாததுதான் அதன் அடையாளம். கறிவேப்பிலையும் தயிரும் போட்டு ஊறவைத்து நீங்கள் செய்தது கோபி 65, அதுவும் நல்ல பண்டம்தான், அதை சாஸில் போட்டுக் கெடுக்காதீர்கள்.

அப்புறம் இந்த அஜினமோட்டோ. கடை ருசி அதில்தான் இருக்கிறது என்பது பாதி உண்மை. அதன் வேலையைச் செய்யும் குளூட்டமேட் சோயா சாஸிலும் தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது, அவற்றைச் சரியான அளவில் போட்டால் பெரிதாக ஒன்றும் குறையாது. வீட்டு மஞ்சூரியனில் நிஜமாகவே குறைவது பூண்டும் வெங்காயத்தாளும்தான். எட்டுப் பல் பூண்டு என்றால் பலர் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியைப் பூண்டோடு வதக்கி, பச்சைப் பகுதியை இறக்கும்போது தூவிப் பாருங்கள்.

காரம் நாக்கில் ஏறவில்லை, தொண்டையில் மட்டும் எரிகிறது

மிளகாய்த்தூளை மட்டும் நம்பியதால் வருவது. பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கிப் பூண்டோடு வதக்குங்கள், கடைசியில் மிளகுத்தூளைத் தூவுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் காரத்துக்கு ஒரு வாசனை வரும். காரம் மிஞ்சிவிட்டால் தக்காளி சாஸ், கொஞ்சம் சர்க்கரை. தண்ணீர் ஊற்றாதீர்கள், மேலே சொன்ன சொதசொதப்புக்குத் திரும்பிவிடும்.

பூவுக்குள் புழு

சின்னதாகப் பச்சை நிறத்தில் நெளிவது பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, முட்டைக்கோஸ் குடும்பத்துப் பயிர்களில் சகஜம். பூவை முழுதாகக் கழுவினால் போகாது, சின்னப் பூக்களாகப் பிரித்த பிறகுதான் உப்பு வெந்நீரில் போட வேண்டும். அதிகமாக இருந்தால் வெந்நீருக்கு முன்னால் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள், நிறைய வெளியே வந்து மிதக்கும்.

முட்டைக்கோஸ் உருண்டை எண்ணெயில் உடைகிறது

கோபி கிடைக்காத நாளில் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் துருவி உருண்டை மஞ்சூரியன் செய்வார்கள். கோயம்புத்தூர் ரோட்டுக்கடைக் காளானிலும் காளானைவிட முட்டைக்கோஸ்தான் தூக்கலாக இருக்கும், ஊருக்கே தெரிந்த ரகசியம். இதில் வரும் சிக்கலும் தண்ணீர்தான், ஆனால் வேறு வழியில் வருகிறது. துருவிய கோஸில் உப்பு சேர்த்ததும் அது தண்ணீர் விட ஆரம்பிக்கும், மாவு போட்டுப் பிசைந்தபோது சரியாக இருந்த பதம் பத்து நிமிடத்தில் இளகும், இன்னும் மாவு போடுவீர்கள், மறுபடி இளகும், கடைசியில் காய்க்குப் பதிலாக மைதா உருண்டை கிடைக்கும்.

முதலில் உப்பை மட்டும் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்து, ஒரு துணியில் கட்டி ஒட்டப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சாஸுக்கு ஆகும், அதில் உப்பு இருப்பதை மட்டும் மறக்காதீர்கள். பிழிந்த காயில் இரண்டு கப்புக்கு மைதா 3 டேபிள்ஸ்பூன், கார்ன்ஃப்ளார் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, உடனே உருட்டி உடனே பொரிக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகப் பிசைந்து வைக்காமல் ஈடு ஈடாகப் பிசைந்தால் இன்னும் நல்லது. எண்ணெய் ஆறியிருந்தாலும் உருண்டை கரையும், ஒன்றை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் மிச்சத்தில் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்துக்கொள்ள அப்போதும் வழி இருக்கும்.

ஏர் ஃபிரையரில் மாவு வழிந்து கூடையில் ஒட்டிக்கொள்கிறது

கரைத்த மாவு ஏர் ஃபிரையருக்கு ஒத்துவராது, அது இறுகுவதற்கு எண்ணெயின் சூடு எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் பட வேண்டும். பூக்களில் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய் விழுது, 2 டீஸ்பூன் எண்ணெய் தடவி, அதன்மேல் கார்ன்ஃப்ளாரும் அரிசி மாவும் உலர்வாகத் தூவிப் புரட்டி, 190 டிகிரியில் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கி வையுங்கள். வெள்ளைத் திட்டு தெரியும் இடங்களில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தெளிக்க வேண்டும். பொரித்ததற்கு இணையாகாது, சாயங்காலப் பசிக்குத் தாராளமாகப் போதும்.

மிச்சமாகிவிட்டது

சாஸில் புரட்டாதவை என்றால் கவலையில்லை. ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடான எண்ணெயில் ஒரு நிமிடம் பொரித்தால் புதிதாகச் செய்தது போலவே வரும். ஓவன் இருந்தால் 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே இருக்கும் தண்ணீரைத்தான் அது முதலில் சூடாக்கும், மாவு தோல் மாதிரி ஆகிவிடும். சாஸில் புரட்டியவற்றை மறுபடி மொறுமொறுப்பாக்க வழி கிடையாது, பொடியாகக் கொத்தி, பழைய சாதத்தை உதிர்த்துப் போட்டு, பெரிய தீயில் ஃபிரைடு ரைஸாகக் கிண்டிவிடுங்கள். சோயா சாஸ் தனியாக ஊற்ற வேண்டாம், அதிலேயே இருக்கிறது.